யன்னல் படத்துக்கு வந்த பின்னூட்டங்கள்

தம்பி, தங்கச்சிமாருக்கு,

போன சனிக்கிழமை உங்கள் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டு, "அந்தக் காலத்தில் இவ்வளவு வாசகர்களை எப்படிப் பிடித்தீர்கள் அக்கா?" என்று கேட்டீர்கள். நான் பொதுவாக இரண்டு மூன்று விஷயங்களைச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக்கு எழும்பிவிட்டேன். அது சரியான பதில் இல்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உங்களில் சிலர் இப்போதுதான் எழுதத் தொடங்கியிருக்கிறீர்கள். பார்க்கிறவர்களின் எண்ணிக்கையை எப்படி ஏற்றுவது, தளங்கள் தரும் பரிசை எப்படி எடுப்பது என்றுதான் எல்லாரும் கேட்டீர்கள். நானும் அந்த ஓட்டத்தில் ஓடி ஒருமுறை விழுந்தவள். விழுந்தது நான், அடிபட்டது இன்னொருத்தி. அதை எழுதித்தான் தரவேண்டும்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நாங்கள் கனடாவில், மொன்றியலின் ஓரத்தில் இருக்கும் பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கிக் குடிபோயிருந்தோம். எனக்கு வேலை மருந்துக் குளிசைகளைப் பெட்டியில் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில். காலையில் இரண்டு பஸ், மாலையில் இரண்டு பஸ். அந்த பஸ்களில் இருந்துதான் கொப்பியில் எழுதினேன். விடிய எழும்பி, வேலைக்கு வெளிக்கிட முன் வீட்டுக் கொம்பியூட்டரில் தட்டி ஏற்றுவேன். என் முதல் பதிவு, பனிக்காலச் சப்பாத்து எப்படி வாங்குவது என்பது. ஒரு அளவு பெரிதாக வாங்க வேண்டும், உள்ளுக்குள் மொத்தச் சொக்ஸ் போட இடம் வேண்டும் என்று எழுதினேன். அதனால் வலைப்பதிவுக்குப் பெயரும் 'பனிச்சப்பாத்து' என்றே ஆனது. வாசகர்கள் என்னைச் சப்பாத்தக்கா என்பார்கள்.

அந்தப் பதிவுக்கு முதலில் வந்த பின்னூட்டம், "மீ த ஃபர்ஸ்ட்டு." அவ்வளவுதான். சிங்கப்பூரிலிருந்து யாரோ ஒருவர். பனியே இல்லாத ஊரிலிருந்து ஒருவர் என் சப்பாத்துப் பதிவுக்கு முதலாவதாக வந்து நிற்கிறார்! நான் அடுப்படிக்கும் கொம்பியூட்டருக்கும் இடையில் நாலு தரம் நடந்தேன். அன்று பிடித்த நடை பல வருஷம் நிற்கவில்லை.

பக்கத்தின் அடியில் ஒரு எண்ணி இருந்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும். வேலை இடைவேளையில் மகளுக்கு போன் எடுத்து, "எத்தினை எண்டு பார்" என்பேன். அவள் பிரெஞ்சில் எண்ணித்தான் பழக்கம். "த்ராந்த்-தூ" என்பாள். முப்பத்திரண்டு. ஒரு மணித்தியாலம் கழித்து மறுபடி எடுத்தால், "அம்மா, இன்னும் த்ராந்த்-தூ தான். உங்களுக்கு என்ன விசரோ?" என்பாள்.

விசர்தான். உங்களுக்கும் இருக்கிறது. கூட்டத்தில் மேசைக்குக் கீழே போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை நான் கவனித்தேன்.

அப்போது தமிழ்ப் பதிவுகளை எல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாகக் காட்டும் தளங்கள் இருந்தன. திரட்டி என்போம். அதில் உங்கள் பதிவு மேலே நின்றால் ஆட்கள் வருவார்கள், கீழே இறங்கினால் காணாமல் போய்விடுவீர்கள். புதுப் பின்னூட்டம் விழ விழப் பதிவு மேலே வரும். அதனால் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பதிவில் நாள் முழுக்கச் சும்மா கதைத்து அதை மேலேயே வைத்திருப்பார்கள். அதற்குக் கும்மி என்று பெயர். நான் பதிவு எழுதிய தளமோ இதற்கு மேலே ஒரு படி போயிருந்தது. வருகைக்குப் புள்ளி, பின்னூட்டத்துக்குப் புள்ளி, சொந்தமாக எடுத்த படம் போட்டால் புள்ளி இரட்டிப்பு. மாத முடிவில் கூடிய புள்ளி எடுத்தவருக்கு ஒரு மடிக்கணினி. எங்கள் வீட்டில் ஒரு கொம்பியூட்டர், அதுவும் மகளின் படிப்புக்கு. அந்த மடிக்கணினி எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் கொப்பியை மடியில் வைத்து எழுதும்போதெல்லாம் அது கொப்பி இல்லை, மடிக்கணினி என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் திரட்டியை நடத்தியவர் மொன்றியலிலேயே இருந்தார். சென்னையிலிருந்து வந்து ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை செய்தவர். நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு அப்பார்ட்மென்டில் இருந்துகொண்டு, சம்பளம் இல்லாமல் அந்தத் திரட்டியைப் பார்த்துக்கொண்டார். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. திரட்டிக்காரர் என்றே சொல்கிறேன். நான் கற்றதில் பாதி அவரிடம் கற்றதுதான். என்னைவிடப் பத்து வயது குறைந்தவர், ஆனால் என்னைவிட நிதானம். ஒருமுறை நான், "என்ர பதிவு ஏன் மேல நிக்குதில்லை?" என்று கேட்டதற்கு, "மேல நிக்கறது ஒரு நாள் நிக்கும்க்கா. உங்க சப்பாத்துப் பதிவை ஒவ்வொரு குளிர்காலமும் யாராவது தேடி வந்து படிக்கிறாங்க. நீங்க அதைப் பாக்கறதே இல்ல" என்றார். நான் கேட்டேன். ஆனால் காதில் விழவில்லை.

சுகந்தியின் கதை அந்த நேரத்தில்தான் வந்தது. அது அவளுடைய பெயர் இல்லை.

ஒருநாள் ஒரு மின்னஞ்சல். "அக்கா, என்னை அவர்தான் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டவர். நான் அவரை விட்டிட்டுப் போனால் என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவினம் எண்டு சொல்லுறார். உண்மையோ?" இவ்வளவுதான் எழுதியிருந்தாள். கையெழுத்தே இல்லை. நான் ஒரு இலவசச் சட்ட உதவி நிலையத்துக்குப் போன் எடுத்து விசாரித்தேன். நிரந்தர வதிவிடப் பத்திரம் கையில் இருந்தால் யாரும் திருப்பி அனுப்ப முடியாது, பயப்பட வேண்டாம் என்றார்கள். அதை அவளுக்கு எழுதினேன். பிறகு பொதுவாக ஒரு பதிவாகவும் போட்டேன். ஆறு மாதம் ஒரு சத்தமும் இல்லை. பேந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. "வெளிக்கிட்டு வந்திட்டன் அக்கா. பிள்ளையும் என்னோடதான்."

மொன்றியலுக்குள் வில்லரே பகுதியில் ஒரு பழைய வீட்டின் மூன்றாம் மாடியில் ஒரு அறை எடுத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குப் பனி உடுப்பு ஒன்றைக் கொண்டு போனேன், எங்கள் மகளுக்குச் சிறுத்துப்போனது. வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டு. மேலே போனால் ஒரு மெத்தை, ஒரு மேசை, ஒரு பெரிய யன்னல். சுகந்திக்கு முப்பது வயது இருக்கும். மெல்லிய ஆள், குரல் மட்டும் பலம். "இந்த யன்னலுக்காகத்தான் அக்கா எடுத்தனான். அந்த வீட்டில திரைச்சீலை திறக்க விடமாட்டார்" என்றாள்.

அவளுடைய கதையை எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "எழுதுங்கோ. என்னைப்போல இன்னும் எத்தினை பேர் இருக்கினமோ. பேர் மட்டும் போடாதேங்கோ" என்றாள்.

பேர் போடவில்லை. ஊரை மாற்றினேன். பெண்பிள்ளையை ஆண்பிள்ளை ஆக்கினேன். எவ்வளவு கவனமாக இருக்கிறேன் என்று எனக்கே என்னில் பெருமை. ஆனால் அன்று அவள் தேத்தண்ணி போட அடுப்படிப் பக்கம் திரும்பிய நேரத்தில், கைப்பையில் இருந்த சின்னக் கமராவை எடுத்து யன்னலை ஒரு படம் எடுத்திருந்தேன். வெளியே பனி, படிக்கட்டின் வளைவு, தெருமுனையில் தெப்பனேர் என்கிற சின்ன மளிகைக் கடையின் பலகையில் பாதி எழுத்து, தூரத்தில் ஒரு தேவாலயத்தின் பச்சைக் கூரை. அழகான படம். அதைப் பதிவின் தலையில் போட்டேன். சொந்தப் படம், புள்ளி இரட்டிப்பு.

அந்தப் பதிவுதான் நான் எழுதியதிலேயே கூடுதலாக வாசிக்கப்பட்டது. முதல் நாள் பின்னூட்டங்கள் அழுகையும் வாழ்த்துமாக வந்தன. இரண்டாம் நாள் ஒருவர், "படம் நம்ம மொன்றியல் மாதிரி இருக்கே, எந்த இடம்?" என்று கேட்டார். ரொறன்ரோவிலிருந்து ஒருவர் பார்க்-எக்ஸ்டென்ஷன் என்றார். இன்னொருவர் இல்லை, அந்தப் பச்சைக் கூரையைத் தனக்குத் தெரியும், தான் முன்பு அங்கே குடியிருந்தவர், அது வில்லரே என்றார். பதிவு கும்மியாக மாறியது. திரட்டியில் உச்சியில் நின்றது. நானும் உள்ளே இறங்கினேன். என்ன எழுதினேன் தெரியுமா? "கிட்ட வந்திட்டியள். கண்டுபிடியுங்கோ பாப்பம்!"



என் பதிவில் பின்னூட்டம் தானாக விழாது. நான் பார்த்து அனுமதித்தால்தான் வெளியே வரும். மட்டுறுத்தல் என்போம். நாலாம் நாள் காலை ஒரு பெருங்கூட்டம் காத்திருந்தது. பஸ்ஸுக்கு ஆறு நிமிஷம். ஒவ்வொன்றாக வாசிக்க நேரமில்லை. எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் அனுமதித்துவிட்டுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடினேன். மாதம் முடிய அடுத்த நாள்தான் இருந்தது. புள்ளிப் பட்டியலில் நான் முதலாம் இடம்.

வேலையில் போனைப் பெட்டகத்தில் பூட்டிவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குத் திறந்தால், திரட்டிக்காரரிடமிருந்து ஐந்து தவறிய அழைப்புகள். எடுத்தேன்.

"அக்கா, காலைல நீங்க அனுமதிச்ச கமெண்ட்ஸ் படிச்சீங்களா?"

"ஓம்... எல்லாத்தையும் இல்லை. ஏன் தம்பி?"

"ஒருத்தன் கேட்டிருக்கான். மூணாவது மாடியா, முன்பக்கமா பின்பக்கமான்னு. அதுக்கு இன்னொருத்தர், படிக்கட்டு கீழ போகுது பாருங்க, முன்பக்கம்தான், தெரு முனையிலேருந்து மூணாவது வீடா இருக்கும்னு பதில் சொல்லிட்டார்."

"பகிடிக்குக் கேக்கிறாங்கள் தம்பி."

"மாடி கேட்டவன் பேரு இன்னைக்குத்தான் புதுசா உருவாக்கினது. வேற எந்தப் பதிவுலயும் அவன் ஒரு வார்த்தை எழுதல. நான் தேடிப் பாத்துட்டேன். நீங்க எழுதினது புருஷனை விட்டு வந்த ஒரு பொண்ணைப் பத்தி. கொஞ்சம் யோசிங்கக்கா."

நான் யோசித்தேன். என்ன யோசித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். முதலில் எனக்கு வந்த நினைப்பு சுகந்தி இல்லை. நாளைக்கு மாதம் முடிகிறது என்ற நினைப்பு. வாயால் கேட்டும்விட்டேன். "படத்தை மட்டும் எடுத்திட்டு, பதிவை நாளைக்கு மட்டும் விடுவமோ?"

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். "படத்தை எடுத்தா கமெண்ட் இருக்கும். கமெண்டை எடுத்தா என் திரட்டியில நகல் இருக்கும். திரட்டியை நான் பாத்துக்கறேன். பதிவை நீங்கதான் தூக்கணும்."

வீட்டுக்குப் போய் அழிக்க ஒன்றரை மணித்தியாலம். வில்லரேக்குப் போய்ச் சுகந்தியிடம் சொல்ல முக்கால் மணித்தியாலம். அவளிடம் போன் இல்லை, நூலகத்தில்தான் மின்னஞ்சல் பார்ப்பாள். இரண்டையும் நான் செய்ய முடியாது. பெட்டகங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு என் கடவுச்சொல்லை எழுத்து எழுத்தாக அவருக்குச் சொன்னேன். மகளின் செல்லப் பெயரும் பிறந்த வருஷமும். சொல்லி முடிக்க அவர், "எல்லாம் முடிஞ்சதும் முதல்ல இதை மாத்துங்கக்கா" என்றார்.

மேற்பார்வை செய்தவர் ஹெயிட்டிப் பெண்மணி, கண்டிப்பானவர். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "உய்ர்ஜான்ஸ், மதாம்" என்றேன். அவசரம் என்று அர்த்தம். அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஆன்ஃபான்?" பிள்ளைக்கா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். பொய் இல்லை, அங்கே ஒரு பிள்ளை இருந்தது. போ என்று கையைக் காட்டினார். அடுத்த கிழமை அதற்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அது வேறு.

மெட்ரோவுக்குள் அப்போது போன் வேலை செய்யாது. அவர் பதிவை எடுத்துவிட்டாரா, கடவுச்சொல்லைச் சரியாக எழுதிக்கொண்டாரா, ஒன்றும் தெரியாது. வண்டி ஒரு நிலையத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. மூன்று நிமிஷம் இருக்கும். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் பேப்பர் வாசித்தார். நான் எழும்பி நின்றேன், இருந்தேன், எழும்பினேன். மாடி கேட்டவன் எந்த ஊரிலிருந்து கேட்டான்? லண்டனா, இங்கேயா? காலையிலேயே கேட்டிருக்கிறான். காலையிலிருந்து எத்தனை மணித்தியாலம்?

படிக்கட்டில் ஐஸ். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மூன்று மாடி ஏறினேன். கதவைத் தட்டினேன். ஒருவரும் இல்லை. சுகந்தி காலையில் ஒரு துணி வெளுக்கும் இடத்தில் வேலை செய்துவிட்டு, கார்தெரி என்கிற குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் பிள்ளையை எடுத்துக்கொண்டு வருவாள் என்று தெரியும். எந்தக் கார்தெரி என்று தெரியாது. கீழே இறங்கித் தெப்பனேருக்குள் போனேன். வயதான கடைக்காரர் ஒருவர் இருந்தார். "மேல இருக்கிற பெண்ணைக் கண்டீங்களா" என்று கேட்க நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்படியே விழுங்கினேன். இவ்வளவு நாளும் அவள் எங்கே என்று ஊரைக் கேட்க வைத்தது போதும், நானும் கேட்கக்கூடாது. தொலைபேசி அட்டைகளைப் பார்க்கிற மாதிரிக் கண்ணாடிப் பக்கம் நின்றேன். தெருவில் போன ஒவ்வொரு ஆம்பிளையையும் பார்த்தேன். ஒருவன் நின்று மேலே பார்த்தான். நான் கதவுப் பிடியில் கையை வைத்தேன். அவன் கூரையிலிருந்து தொங்கிய பனிக்கட்டிகளுக்குப் பயந்து விலகி நடந்து போனான்.

நாலு மணிக்குச் சற்று முன் சுகந்தி வந்தாள். பிள்ளையைச் சறுக்குப் பலகையில் இருத்தி இழுத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு வந்தாள். என்னைக் கண்டதும் இன்னும் சிரித்தாள். படிக்கட்டின் அடியில் நின்றே சொன்னேன். பதிவு, படம், பின்னூட்டம், மாடி கேட்டவன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "என்ன படம்?"

"யன்னல்..."

"நீங்கள் தேத்தண்ணி குடிச்ச அண்டைக்கு எடுத்ததோ?"

"ஓம்."

"நான் பாக்கேல்லையே."

"நீ திரும்பி நிண்டனி."

கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சறுக்குப் பலகையின் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். பிறகு சொன்னாள். "அக்கா, நான் உங்கட பதிவை எங்க கண்டனான் எண்டு நினைக்கிறியள்? எனக்கெண்டு கொம்பியூட்டர் இருந்ததே? அவர்தான் உங்கட வாசகர். ஒவ்வொரு நாளும் வாசிப்பார். அவர் வேலைக்குப் போன பிறகு, திறந்து கிடந்த பக்கத்தை நான் வாசிச்சனான்."

தம்பி, தங்கச்சிமாரே, இதை நீங்கள் கொஞ்சம் நின்று வாசியுங்கள். என் எண்ணியில் ஏறிய இலக்கத்தில் ஒன்று அவன். சட்ட நிலையத்தில் கேட்டு நான் எழுதிய பதிவையும் அவன் வாசித்திருப்பான். வாசகர் கூடுகிறார்கள் என்று நான் துள்ளிய ஒவ்வொரு நாளும் அவனையும் சேர்த்துத்தான் எண்ணித் துள்ளினேன். யாருக்காக எழுதுகிறோமோ அவர்கள் மட்டும்தான் வாசிக்கிறார்கள் என்று நம்புவதுபோல மடத்தனம் எங்கள் வேலையில் வேறு இல்லை.

"எங்கட வீட்டை வா" என்றேன். மாட்டேன் என்றாள். "உங்களைத் தேடிப் பிடிக்கிறது இதைவிட லேசு அக்கா. உங்களை எல்லாருக்கும் தெரியும்." அந்த நேரத்தில் என்னைவிட அவளுக்குத்தான் புத்தி நிதானமாக வேலை செய்தது. அவளிடம் ஒரு சமூகப் பணியாளரின் இலக்கம் இருந்தது. என் போனில் பேசினாள். பெண்களுக்கான ஒரு காப்பகத்தில் இடம் இருந்தது. இரண்டு பைகள் கட்டினோம். பிள்ளை பனி உடுப்போடே மெத்தையில் ஏறித் துள்ளிக்கொண்டிருந்தது. வெளிக்கிடும்போது சுகந்தி யன்னலடியில் போய் நின்றாள். வெளியே பார்க்கிறாள் என்று நினைத்தேன். அவள் தாழ்ப்பாள் சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்தாள்.

டாக்ஸியில் ஏற்றி அனுப்பினேன். எங்கே போகிறாள் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

அப்போதுதான் திரட்டிக்காரருக்குப் போன் எடுத்தேன். "தூக்கியாச்சுக்கா. திரட்டியிலும் இல்ல. தேடுபொறியில நகல் இருந்துச்சு, அதுக்கும் எழுதிப் போட்டிருக்கேன்" என்றார். "அவங்க?" என்று கேட்டார். "போயிட்டா" என்றேன். பிறகு நான் தெருவில் நின்று அழுதேன். அவர் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை என் கணவரும் நானும் அவளுடைய மேசையையும் மெத்தையையும் எடுக்கக் காரில் போனோம். தெப்பனேர்க்காரர் வெளியே வந்தார். என் முகம் அவருக்கு ஞாபகம் இருந்தது. வியாழக்கிழமை ஒரு மனிதர் வந்து தொலைபேசி அட்டை ஒன்று வாங்கினார், மேலே இருந்த பெண்ணைப் பற்றி விசாரித்தார் என்றார். "அவர் கையில் ஒரு தாள் இருந்தது மதாம். யன்னல் படம். என் கடைப் பலகையும் அதில் இருந்தது." அவள் போய்விட்டாள், எங்கே என்று தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். நான் வில்லரேக்கு வந்து நின்றது செவ்வாய்க்கிழமை. அன்று பதிவை ஒருநாள் விட்டுவைத்து, நான் வேலை முடித்து ஆறுதலாக வீட்டுக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று என் கணவர் கேட்கவில்லை. மெத்தையைக் கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றை மூன்று தரம் அவிழ்த்துக் கட்டினார்.

சுகந்திக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. அவள் அறையை இழந்தாள். எத்தனையோ மாதம் காத்திருந்து எடுத்த கார்தெரி இடத்தை இழந்தாள். துணி வெளுக்கும் வேலையும் போனது. ஒரு படம் இவ்வளவையும் எடுத்துக்கொண்டு போனது.

பதிவை எடுத்ததும் பரிசும் போனது. திரைப்பட விமர்சனம் எழுதும் ஒருவருக்கு மடிக்கணினி கிடைத்தது. அவர் அதைப் படம் எடுத்துத் தன் பதிவில் போட்டிருந்தார். இவ்வளவு நடந்த பிறகும் எனக்கு அதைப் பார்க்க எரிச்சல் வந்தது. இப்படிப்பட்ட எரிச்சல் உங்களுக்கும் வரும். வந்தால் ஆச்சரியப்படாதீர்கள், அதன் சொல் கேட்டு எதையும் எழுதாதீர்கள். அவ்வளவுதான்.

அடுத்த சோதனை உடனேயே வந்தது. பதிவு எங்கே, ஏன் தூக்கினீர்கள், யாராவது மிரட்டினார்களா என்று வாசகர்கள் கேட்கத் தொடங்கினார்கள். கதை முழுக்கக் கற்பனை, மாட்டிக்கொண்டதால் அழித்துவிட்டார் என்று ஒருவர் தனிப் பதிவே போட்டார். நடந்ததை நான் எழுதினால் போதும், முன்னதைவிட இரண்டு மடங்கு கூட்டம் வரும். இதைவிடப் பரபரப்பான கதை எந்தப் பதிவரிடம் இருக்கிறது? மனத்துக்குள் முதல் பந்தி தானாகவே எழுதிவிட்டது. பஸ்ஸில் கொப்பியைத் திறந்தும்விட்டேன்.

திரட்டிக்காரரிடம் கேட்டேன். "ஒரு வரி போடுங்க. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

"பொய்க்காரி எண்டு சொல்லுறாங்கள் தம்பி."

"சொல்லட்டுமேக்கா. அது உங்களோட முடிஞ்சு போகும்."

ஒரு வரி எழுதினேன். 'என் தவறு ஒன்றால் அந்தப் பதிவை நீக்கினேன். காரணம் சொல்லமாட்டேன்.' அதற்குக் கீழே வந்த வசவுகளை ஒவ்வொன்றாக வாசித்தேன், ஒவ்வொன்றாக அனுமதித்தேன். அன்றிலிருந்து ஒரே சொடுக்கில் எதையும் விட்டதில்லை. பஸ் போனால் போகட்டும்.

ஆட்கள் குறைந்தார்கள். மகளிடம் எண்ணியைப் பார்க்கச் சொல்வதை விட்டுவிட்டேன், அதாவது குறைத்துவிட்டேன். சும்மா இருக்க முடியாமல் பிரயோசனமான பதிவுகளையே எழுதினேன். மருத்துவ அட்டை தொலைந்தால் என்ன செய்வது, பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பிரெஞ்சுக் கடிதத்தில் எந்த வரியைக் கட்டாயம் வாசிக்க வேண்டும், சப்பாத்தில் உப்புக் கறை போக என்ன செய்வது. ஒருவரும் கும்மி அடிக்காத பதிவுகள். ஒன்றரை வருஷத்தில் பழைய எண்ணிக்கை திரும்பி வந்தது. பிறகு அதையும் தாண்டியது. எப்படி வாசகர்களைப் பிடித்தீர்கள் என்ற உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான். ஆனால் இதை மட்டும் சொல்லியிருந்தால் நீங்கள் தலையாட்டிவிட்டு மறந்திருப்பீர்கள். நானும் திரட்டிக்காரர் சொன்னபோது அப்படித்தான் தலையாட்டினேன்.

சுகந்தி எட்டு மாதம் எழுதவில்லை. மன்னிப்புக் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன், அதற்குப் பதில் இல்லை; பிறகு நானும் எழுதவில்லை. ஒரு இலையுதிர் காலத்துக் காலையில் அவளுடைய பெயரைப் பெட்டியில் கண்டதும் திறக்கப் பயமாக இருந்தது. திறந்தேன்.

"அக்கா, நான் உங்களை மன்னிச்சிட்டன் எண்டு சொல்லமாட்டன். இன்னும் அந்த இடத்துக்கு வரேல்லை. ஆனா ஒரு கேள்வி இருக்கு. பிரெஞ்சு வகுப்புக்குப் பதிய, பிள்ளைக்குக் கார்தெரி இல்லாட்டி உதவி ஏதும் தருவினமோ? எந்தப் படிவம்?"

அன்று வேலைக்குப் பிந்திப் போனேன். மூன்று இடத்துக்குப் போன் எடுத்துக் கேட்டு, படிவத்தின் பெயர், எங்கே எடுப்பது, எந்தப் பெட்டியை நிரப்பக்கூடாது என்று எல்லாம் எழுதி அனுப்பினேன். மத்தியானம் பதில் வந்தது. "சரி." அவ்வளவுதான்.

வருஷங்கள் போய்விட்டன. 'பனிச்சப்பாத்து' வலைப்பதிவை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். சுகந்திக்கும் எனக்கும் இப்போது பேச்சு இருக்கிறது. சிநேகிதம் என்று சொல்லமாட்டேன், ஆனால் பேச்சு இருக்கிறது. உங்களுக்கு இதை எழுதுமுன் அவளிடம் கேட்டேன். எழுதி முடித்ததும் முழுவதையும் அவளுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. பேந்து திருப்பி அனுப்பினாள். இரண்டு இடத்தில் வெட்டியிருந்தாள். ஒன்று ஒரு சொல். மற்றது ஒரு முழுப் பந்தி. நான் எழுதியதிலேயே நன்றாக வந்திருந்த பந்தி அது.

அது இதில் இல்லை.